தண்ணி வருதா பாரு

எல்லாரும் எல்லாரையும் பார்த்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும் ஊரில், நல்லசாமி மட்டும் "தண்ணி வருதா?" என்று கேட்பார்.

மலேசியாவின் கோல சிலாங்கூர் ஆற்றில் படகு ஓட்டுகிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். படகின் பின்னால் மாட்டிய எஞ்சின் ஆற்றுத் தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சி, அதில் தன் சூட்டை இறக்கி, பக்கவாட்டில் உள்ள சின்னத் துளை வழியாக வெளியே பீச்சும். சுவரோரம் நின்று ஒன்றுக்குப் போகும் சிறுவனைப் போல அது விடாமல் பீச்ச வேண்டும். நின்றுவிட்டால் எஞ்சின் வெந்து போகும். நல்லசாமி அந்த நீரில் புறங்கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "குழந்தைக்கு ஊத்துற சூடு இருந்தா போதும். அதுக்கு மேல போனா நிறுத்திடு."

படகோட்டி ரெய்மண்ட் அன்று காலை படித்துறையில் அதைச் செய்துவிட்டுத்தான் கிளம்பினான். தண்ணீர் வந்தது. சூடும் சரியாக இருந்தது. கழுகுக்குத் தீனி போடுவதையும் மின்மினி மரங்களையும் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்கள் உட்காரும் பலகையில், அன்று நல்லசாமியின் மனைவி வேலம்மா உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துணி சுற்றிய மண்கலயம் அவள் மடியில் இருந்தது. பக்கத்தில் மகன் சசிகுமார், மொட்டையடித்த தலையோடு. கலயத்துக்குள் நல்லசாமி.

கடல் ஓதம் இறங்கி ஆறு வற்றத் தொடங்கியிருந்தது. கடலில் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சேற்றுத்திட்டு. தண்ணீர் முழுக்க இறங்கிவிட்டால் படகு அதில் உட்கார்ந்துவிடும். பிறகு சாயங்காலம்வரை அசையாது. அதற்குள் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதைவிட முக்கியமாக, சொந்த எஞ்சினில் போய்ச் சேர வேண்டும். அது நல்லசாமி போட்ட கட்டளை.

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் ரெய்மண்டின் வீடு இருந்த அதே லயத்து வீட்டு வரிசையில்தான் நல்லசாமியின் வீடும் இருந்தது. செம்பனை எண்ணெய் ஆலையில் அவர் ஃபிட்டர். ஆலையின் கொதிகலன் இருமினால் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வாராம். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது எல்லாரும் போல அவரும் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடியில் கேட்பதற்கு எஞ்சின் சத்தம் எதுவும் இல்லை. அதனால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தினமும் படித்துறைக்கு வந்துவிடுவார். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று யார் படகு மக்கர் பண்ணினாலும் ஸ்பானரோடு குனிந்துவிடுவார். கூலியாக ஒரு தே தாரிக், இழுத்து ஆற்றிய பால் டீ, சீனி கம்மியாக. அந்தச் 'சீனி கம்மி' சர்க்கரை வியாதி வந்த பிறகு வந்த திருத்தம். அதற்கு முன்னால் சீனி தூக்கலாக.

படகு கயிற்றில் கட்டி இழுத்து வரப்படுவதை மட்டும் அவரால் தாங்க முடியாது. அப்படி ஒன்று வந்தால், சவ ஊர்வலம் போவதைப் பார்ப்பதுபோல எழுந்து நிற்பார். டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தபோதும் ரெய்மண்டிடம் அதைத்தான் சொன்னார். "டேய், என் சாம்பல நீதான் கொண்டு போவ. வழியில எஞ்சின் நின்னு எவனாவது கயிறு கட்டி இழுத்தான்னு வையி, பேயா வந்து உன் பிளக்க கழட்டிட்டுப் போவேன்."

"சும்மா இருங்கண்ணே."

"தண்ணி வருதான்னு ஊரு பூரா கேட்டேன். இப்ப டாக்டரு என்னையக் கேக்குறாரு லா. பம்பு போச்சு, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு வழக்கமான கேள்வி. "அந்தத் துண்டு கெடச்சுதா?"

அது பழைய வழக்கு. ஒரு தடவை ரெய்மண்டின் எஞ்சினைக் கழற்றியபோது, தண்ணீரை உறிஞ்சும் ரப்பர் சக்கரத்தில் ஓர் இதழ் ஒடிந்து காணாமல் போயிருந்தது. புதுச் சக்கரம் மாட்டியாகிவிட்டது. ஆனால் நல்லசாமி எஞ்சினை மூட விடவில்லை. "ஒடைஞ்சது ஓடிப் போவாதுடா. மேலதான் ஏறியிருக்கும். தேடணும்." சனிக்கிழமை, படித்துறையில் ஒரு பஸ் நிறையச் சுற்றுலாக்காரர்கள் காத்திருந்தார்கள். "புதுசு மாட்டியாச்சுல்லண்ணே, பழசு எங்க போனா என்ன?" என்று ரெய்மண்ட் மூடியை அழுத்தி முடுக்கிவிட்டான். அதற்குப் பிறகு கல்யாண வீட்டில், கோயில் வாசலில், கிறிஸ்துமஸ் அன்று ரெய்மண்ட் வீட்டிலேயே கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "கெடச்சுதா?" என்று கேட்காத நாள் இல்லை. ரெய்மண்டின் மனைவி ஃபுளோரன்ஸ் பல நாள் அது ஏதோ தொலைந்துபோன நகை என்றே நினைத்திருந்தாள்.

கரைச் சேற்றில் நிற்கும் பக்காவ் மரங்கள் முடிந்து கடல் வெளிச்சம் தெரியத் தொடங்கிய இடத்தில் ரெய்மண்ட் பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தான். துளையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

உடனே எஞ்சினை அணைத்தான்.

"என்ன சித்தப்பா?" என்றான் சசிகுமார்.

"ஒண்ணுமில்ல. பிளாஸ்டிக் மாட்டியிருக்கும்."

நங்கூரத்தைப் போட்டுவிட்டு எஞ்சினைத் தூக்கிச் சாய்த்தான். கீழே தண்ணீர் இழுக்கும் சல்லடையில் நிஜமாகவே ஒரு பிளாஸ்டிக் பை சுற்றிக் கிடந்தது. அப்பாடா என்று பிய்த்து எறியப் போனவன், நல்லசாமியை நினைத்துக்கொண்டு அதைப் படகுக்குள்ளேயே போட்டான். எஞ்சினை இறக்கி முடுக்கினான். தண்ணீர் வரவில்லை. மறுபடி அணைத்துவிட்டு, துளைக்குள் கம்பியை விட்டுக் குத்தினான். சேறு அடைத்திருந்தால் கொட்டும். எதுவும் கொட்டவில்லை. மேல்மூடியைக் கழற்றியதும் சூடு முகத்தில் அடித்தது.

சசிகுமார் ஒரு வாளி ஆற்றுத் தண்ணீரை மொண்டு தூக்கினான்.

"டேய் டேய், ஊத்தாத! சூட்டுல பச்சத்தண்ணி பட்டா விரிஞ்சி போயிரும். உங்கப்பா இருந்திருந்தா அந்த வாளியாலயே உன்னைய சாத்தியிருப்பாரு."

ஆறும்வரை தொட முடியாது. தண்ணீரோ இறங்கிக்கொண்டே இருந்தது. தூரத்துச் சேற்றுத்திட்டில் கொக்குகள் வந்து நிற்கத் தொடங்கின. அவை நிற்க முடிந்த இடத்தில் படகு போக முடியாது.

பாசிர் பெனாம்பாங் கரையிலிருந்து ஒரு மீன்படகு வந்தது. ஓட்டி வந்த ஆ செங் வேகத்தைக் குறைத்து, "ரோசாக் கா? தாரிக் மாவ்?" என்று மலாயில் கேட்டபடி ஒரு கயிற்றைத் தூக்கிக் காட்டினான். பழுதாகிவிட்டதா, இழுத்துப் போகட்டுமா என்கிறான். வேலம்மாவின் மடியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். நல்லசாமி அவன் எஞ்சினையும் எத்தனையோ தடவை பிரித்து மாட்டியவர்.

ரெய்மண்ட் வேலம்மாவைப் பார்த்தான். "அண்ணி, நேரமாச்சுன்னா சேத்துல மாட்டிக்குவோம். இவன் இழுத்தா போய்ச் சேந்துரலாம். நீங்க சொல்லுங்க."

"வேணாமின்னு சொல்லு" என்றாள் வேலம்மா. "கடைசி நாள்ல அவரக் கயித்துல கட்டி இழுக்கவா? எனக்குத் தூக்கம் வராது. நீ பாரு."

ஆ செங் தலையாட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டான். கயிறு அவன் கையிலேயே இருந்தது.

"அவரு இதுல எத்தன தடவ போயிருப்பாரு" என்றாள் வேலம்மா, கலயத்தைத் தடவியபடி. "கடலு வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வந்தேம்பாரு. அல இவ்ளோ ஒசரம்பாரு."

ரெய்மண்ட் யோசிக்காமல் சொல்லிவிட்டான். "யாரு, அண்ணனா? அவரு படகுல ஏறுனதே இல்லையேண்ணி. தண்ணின்னா பயம். நீ போயிட்டு வா, நான் காதால பாத்துக்குறேன்னு படித்துறையிலயே நிப்பாரு."

வேலம்மா கலயத்தைப் பார்த்தாள். பிறகு ரெய்மண்டைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சசிகுமார் பதறி எழுந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "அட பொய்க்கார மனுஷா," என்றாள் கலயத்திடம், "எத்தன நாளு வாயப் பொளந்துகிட்டுக் கேட்டேன். இதான் மொத தடவையா?"

எஞ்சின் கை வைக்கும் அளவுக்கு ஆறியிருந்தது. சல்லடை சரி, துளை சரி, பம்பு போன மாதம்தான் மாற்றியது. மிச்சமிருப்பது எஞ்சினின் தலை. அங்கே ஒரு சின்ன மூடிக்குள் தெர்மோஸ்டாட் இருக்கும். சூடு ஏறியதும் திறந்து தண்ணீரை வெளியே விடும் கதவு அது. ரெய்மண்ட் மூடியைக் கழற்றினான்.

கதவு பாதி திறந்தபடி நின்றிருந்தது. அதன் வாயில், சப்பிப் போட்ட மாங்கொட்டைத் தோல்போலச் சுருண்டு, கறுப்பாக ஒரு ரப்பர் துண்டு.

அவன் அதை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். ஓர் இதழ். எந்த மூலையில் இத்தனை நாள் ஒளிந்திருந்ததோ.

"என்ன தம்பி அது?"

துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். வேலம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டில் அவளும் அந்த வழக்கைக் கேட்டுச் சலித்தவள்தான்.

"கெடச்சிருச்சா?" என்றாள்.

"கெடச்சிருச்சுண்ணி" என்றான் ரெய்மண்ட். கலயத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னான். "கெடச்சிருச்சுண்ணே. நீங்க சொன்னது சரிதான்."

தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மூடியை மட்டும் மாட்டி இறுக்கினான். அது இல்லாமல் வீடு போய்ச் சேரலாம் என்பதும் நல்லசாமி சொன்னதுதான். எஞ்சினின் முடுக்குக் கயிற்றை இழுத்ததும் அது இருமி, புகை விட்டு, எழுந்தது. மூன்று பேரும் அந்தச் சின்னத் துளையையே பார்த்தார்கள். முதலில் ஆவி. பிறகு ஒரு துப்பல். பிறகு தண்ணீர், விடாமல், வளைந்து.

வேலம்மா எட்டிக் கையை நீட்டினாள். புறங்கையைத்தான் நீட்டினாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "குழந்தைக்கு ஊத்துற சூடு" என்றாள்.

கொக்குகள் நின்ற திட்டை ஒட்டி, அடியில் சேறு உரசும் சத்தம் கேட்கக் கேட்கப் படகு கடலுக்குள் போனது. சசிகுமார் கலயத்தைத் தண்ணீரில் இறக்கினான். சாம்பல் கலங்கலாக விரிந்து, ஆற்றின் பழுப்போடு சேர்ந்து வெளியே போனது. வேலம்மா செவ்வந்திப் பூக்களை உதிர்த்துப் போட்டாள். ரெய்மண்ட் சிலுவை போட்டுக்கொண்டு, கையிலிருந்த ரப்பர் துண்டையும் பூவோடு போடக் குனிந்தான்.

வேலம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"போடாத தம்பி. வேற எவன் எஞ்சின்லயாவது போயி மாட்டிக்கும். அப்புறம் அந்த மனுஷனுக்கு அங்கயும் நிம்மதி இருக்காது."

அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான். மிச்சத் தண்ணீரும் இறங்குமுன் திரும்பும் வழியில் ஆ செங் இன்னும் அங்கேயே நின்றிருந்தான். அவர்கள் சொந்த எஞ்சினில் வருவதைப் பார்த்ததும் கயிற்றைச் சுருட்டி உள்ளே எறிந்துவிட்டு, ரெய்மண்டைப் பார்த்து உரக்கக் கத்தினான். சீனன் வாயில் அது கொஞ்சம் கோணலாக வந்தாலும், தமிழ்தான்.

"தன்னி வர்தா?"