ஆச்சு, சாப்ட்டேன்

இன்று காலை பழைய சிநேகிதன் ஒருவன் போன் செய்தான். "என்ன மச்சான், சாப்ட்டியா?" என்றான். "ஆச்சு, சாப்ட்டேன்" என்றேன். அடுப்படியில் நின்ற என் மனைவி தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இன்னும் சட்னியே அரைக்கல. எந்த வீட்ல சாப்ட்டீங்க?" சிரித்து மழுப்பினேன். ஆனால் அதற்குப் பிறகு தோசை இறங்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கும் சோற்றுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. வணக்கம் சொல்வதற்குப் பதிலாகக் கேட்கிறோம். கேட்டவர் வாய் மூடுவதற்குள் பதிலும் வந்துவிடும். பட்டினி கிடப்பவன்கூட சாப்ட்டேன் என்றுதான் சொல்வான். இல்லை என்றால் உட்காரவைத்துத் தட்டைப் போட்டுவிடுவார்களே என்ற கூச்சம். இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் என் அக்காவை நான் பட்டினி போட்டேன்.

அக்கா சிதம்பரத்தில் இருந்தாள். கடலூர் பக்கம் செம்மங்குப்பத்துக் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்த புதிதில், கலியாணம் ஆகும்வரை அவள் வீட்டில்தான் தங்கினேன். காலை பாசஞ்சரில் போய் இருட்டும்போது திரும்புவேன். அந்தச் சட்டை நாற்றம் இருக்கிறதே, அழுகின முட்டையும் பெயிண்ட்டும் கலந்த மாதிரி. நான் தெருமுனையில் வரும்போதே அக்காவுக்குத் தெரிந்துவிடும். "அந்தச் சட்டையோட உள்ள வந்த, ஒன்னயும் சேத்துக் கொல்லையில காயப்போட்ருவேன்" என்பாள். குளித்துவிட்டு வந்தால் தட்டு தயாராக இருக்கும். மத்தியானத்துக்கு அவள் கட்டித் தரும் கத்தரிக்காய் கொத்சை ரயிலிலேயே திறந்து தொலைப்பேன். பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் கை நீட்டிவிடுவார்கள், எனக்கு மிஞ்சுவது டப்பாதான். மறுநாள் வெட்கமில்லாமல் "கொஞ்சம் ஜாஸ்தி வைக்கா" என்பேன். "ஒங்க கம்பெனிக்கு நான்தான் கேன்டீனா?" என்று திட்டிக்கொண்டே வைப்பாள்.

யோசித்துப் பார்த்தால், அவள் ஒருநாளும் என்னைச் சாப்ட்டியா என்று கேட்டதில்லை. கேட்க மாட்டாள், போட்டுவிடுவாள்.

மாமா போன பிறகு அக்கா தனியானாள். பிள்ளைகள் இல்லை. "எங்களோட கடலூருக்கு வந்துடேன்" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தேன். "என் வீட்ட வுட்டுட்டு எங்கடா வர்றது" என்று அவள் சொன்னதும் மனசுக்குள் ஒரு நிம்மதி. சொல்லவே கேவலமாக இருக்கிறது. அதற்கு ஈடாகத்தான் தினமும் போன். சாப்ட்டியாக்கா? ஆச்சு, சாப்ட்டேன், நீ சாப்ட்டியாடா? சாப்ட்டேன். சரி, வை. டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, விளம்பரம் முடிவதற்குள் பேசி முடித்துவிடலாம். ஒரே ஒரு தடவை "என்ன கொழம்பு?" என்று கேட்டேன். "கொழம்பா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அப்புறம் "எப்பவும் வக்கிறதுதான்" என்றாள். அதற்குள் சீரியல் ஆரம்பித்துவிட்டது, நானும் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்தில் ஒரு கலியாணத்துக்குப் போனவன் அவள் வீட்டை எட்டிப் பார்த்தேன். கவனியுங்கள், கலியாணத்துக்குத்தான் போயிருந்தேன். கதவைத் திறந்ததுமே புளித்த வாடை. அடுப்படியில் பாத்திரம் பாத்திரமாக அரிசி, கழுவி ஊறப்போட்டபடி கிடந்தது. ஒன்றில் நுரை கட்டியிருந்தது, இன்னொன்றில் பூஞ்சை. அடுப்பு மட்டும் பற்றவைத்த சுவடே இல்லாமல் சுத்தமாக இருந்தது. அக்காவின் வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கின. என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வாடா, சோறு ஆயிடுச்சு, ஒக்காரு" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். "தெனம் கேப்பேண்ணா. சாப்ட்டேன் சாப்ட்டேன்னுதான் சொல்லுவாங்க. டீயும் பிஸ்கட்டும் குடுத்தா வாங்கிக்குவாங்க" என்றாள். அவளைப் போய் நான் முறைத்தேன். என் கொழுப்பைப் பாருங்கள். அவளாவது டீ கொடுத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "மூளையில ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவுல இருக்கற இணைப்புங்க கொஞ்சம் கொஞ்சமா விட்டுப்போவுது சார். அவுங்களுக்கு அரிசி தெரியும், அடுப்பும் தெரியும். அரிசிய கழுவுனா அடுத்தது அடுப்புங்கற அந்தத் தொடர்புதான் இல்ல. அதனால திரும்பத் திரும்பக் கழுவுறாங்க."

"ஆனா சாப்ட்டேன்னு தெளிவா சொன்னாங்களே டாக்டர்" என்றேன், ஏதோ அவள்மேல் புகார் கொடுப்பதுபோல.

"அது ஆயுசு பூரா சொல்லிச் சொல்லி ஊறுனது. அதெல்லாம் சட்டுனு போவாது. அவுங்க பொய் சொல்லல சார். நீங்க கேட்டீங்க, பதில் வந்துச்சு. அவ்ளோதான்."

மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. என் மூளையில் எந்த இணைப்பும் விட்டுப்போகவில்லை. அப்படியும் நான் தினமும் கேட்டது வெறும் பழக்கத்தில்தான்.

அக்காவைக் கடலூருக்கு அழைத்துவந்துவிட்டோம். மூன்று வேளையும் நான்தான் பிசைந்து ஊட்டுகிறேன். கொஞ்ச நாளிலேயே நான் யார் என்பது அவளுக்கு விட்டுப்போயிற்று. யாரோ ஒரு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசுவாள். "நீங்க நல்லா பாத்துக்கிறீங்க. எனக்கும் ஒரு தம்பி இருக்கான். தங்கமான புள்ள. தெனம் போன் பண்ணி, சாப்ட்டியாக்கான்னு கேக்காம தூங்க மாட்டான்."

ஒவ்வொரு வேளையும் இதைச் சொல்வாள். என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, கடவுளே, இந்தப் பேச்சு எப்போது நிற்கும் என்று உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் நின்றுவிட்டது. இப்போது வாயைத் திறக்கிறாள், விழுங்குகிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள். ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் நான் கை நிறுத்திக் காத்துப் பார்க்கிறேன், சொல்வாளா என்று. சொல்வதில்லை. அந்தத் தங்கமான தம்பி வேறு எங்கும் இருந்ததில்லை, அவள் ஒருத்தியிடம்தான் இருந்தான்.