பத்தொன்பது வீட்டுப் பிடியரிசி

1922 தை 20, வெள்ளி. வீடு 11. அரிசி 5½ கொத்து.
1922 மார்கழி 29, வெள்ளி. வீடு 164. அரிசி 81 கொத்து.
1925 ஆனி 5, வெள்ளி. மேலும் வீடு 19. அவற்றின் அரிசி 4¾ கொத்து.
1930 தை 10, வெள்ளி. அந்தப் பத்தொன்பது வீட்டரிசி, தொடக்கத்திலிருந்து மொத்தம் 1,127 கொத்து.
1930 தை 13, திங்கள். பாடசாலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் 46. அந்த வீடுகளிலிருந்து ஒருவரும் இல்லை.

இவ்வளவும் ஞானாம்பிகையின் கொப்பியில் அவர் கையெழுத்திலேயே உள்ளவை. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பவர் அவர். பிடியரிசி வேலை அவரிடம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இலந்தைப்புலம் சைவ ஆங்கில பாடசாலை 1890ஆம் ஆண்டு ஒரு கிடுகுக் கொட்டிலில் பதினான்கு பிள்ளைகளோடு தொடங்கியது. ஏறக்குறைய நாற்பது வருடம் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாயில்தான் இருந்து படித்தார்கள்; வாங்கு எனப்படும் நீளப் பலகை இருக்கை ஒன்றுகூட இல்லை. வசதி குறைவானாலும் வழக்கங்களுக்குக் குறைவில்லை. காலையில் தேவாரம் பாடாமல் எவரும் புத்தகம் திறப்பதில்லை. விசயதசமியன்று ஏடு தொடக்கியபின் முற்றத்தில் பெரிய பானை வைத்துப் பொங்குவார்கள். தலைமையாசிரியர் முதல் அரிவரிப் பிள்ளை வரை அந்த ஒரே பானைப் பொங்கலை ஒரே பந்தியில் இருந்து உண்பார்கள். 'ஒரு பானைப் பிள்ளைகள்' என்று பழைய மாணவர்கள் தங்களைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஞானாம்பிகையின் கணவர் அருளம்பலம் அங்கே கணக்கு வாத்தியார். 1919இல் காய்ச்சலில் போனார். பிள்ளைகள் இல்லை. ஞானாம்பிகைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. தாயின் தமையன் கனகசபாபதிதான் பாடசாலை மனேச்சர். மண்டபம் ஒன்று கட்டினால்தான் உயர்தர வகுப்புகளுக்கு அனுமதி கிடைக்கும் என்ற நிலை வந்தபோது அவர் மருமகளிடம் பனையோலைக் கடகத்தைக் கொடுத்துப் பிடியரிசி சேர்க்கச் சொன்னார். வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு மண்முட்டியில் போட்டு வைப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஞானாம்பிகை போய் வாங்குவார். அதில் பெரும்பகுதியை விற்று மண்டபத்துக்குச் செலவிடுவார்கள்; ஒரு பகுதி விசயதசமிப் பானைக்குப் போகும். "மழை சில வெள்ளி வராது, ஞானக்கா வராமல் விடமாட்டா" என்று படலைகளில் பகிடி பண்ணுவார்கள்.

1925இல் மழை பிழைத்தது. பிடி சிறுத்தது. மண்டபச் சுவர் இடுப்பளவில் நின்றது. ஒருநாள் கனகசபாபதி அவரைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கீழைத் தெருவிலையும் ஒருக்காக் கேட்டுப் பாரன்."

கீழைத் தெருவில் இருந்தவர்கள் பனை சீவிப் பிழைக்கும் குடும்பங்கள். பாடசாலைப் படலையைத் தாண்டி அவர்கள் வந்ததில்லை.

"அவையள் ஏன் தரவேணும், அம்மான்? அவையின்ரை பிள்ளையளை நாங்கள் உள்ளுக்கு விடுறேல்லையே."

"மண்டபம் எழும்பட்டும். வாங்குகள் போட்டபிறகு அவையின்ரை பிள்ளையளும் வந்து படிக்கட்டும். நான் சொன்னனெண்டு சொல்லு."

"வாங்கிலை இருந்தோ?"

"ஓம், வாங்கிலைதான். வேறை எங்கை, என்ரை தலையிலையே?"

இருவரும் சிரித்தார்கள். எழும்பும்போது கனகசபாபதி இன்னொன்றும் சொன்னார். "அந்தத் தெரு அரிசியை வேறை சாக்கிலை கட்டு, பிள்ளை. இடம் குடுக்கிற நேரம் ஆர் எவ்வளவு தந்ததெண்டு காட்ட வசதியாயிருக்கும்." கணக்கு வாத்தியாரின் மனைவிக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. சாக்கின் வாயில் சிவப்பு நூலால் தானே ஓர் அடையாளம் தைத்தார்.

கீழைத் தெருவில் முதலில் கதைத்தது வல்லி என்ற பெண்ணோடு. வல்லி சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மெய்யாய் வாங்கிலையோ, நாச்சியார்?"

"ஓம். அம்மான் சொன்னவர்."

"அவர் சொன்னது கிடக்கட்டும். அவரை நாங்கள் தூர நிண்டு கண்டதுதான். நீங்கள் சொல்லுறியளோ?"

ஞானாம்பிகை கடகத்தைக் கீழே வைத்தார். "நான் சொல்லுறன்" என்றார்.

வல்லி உள்ளே போய் ஒரு சிரட்டை அரிசி கொண்டுவந்தாள். அடுத்த வெள்ளிக்குள் அந்தத் தெருவின் பத்தொன்பது வீடும் கொடுக்கச் சம்மதித்தன. அதன்பின் இருநூற்று நாற்பத்தொரு வெள்ளி. ஒன்றும் தவறவில்லை. ஒவ்வொரு விசயதசமிக்கும் அடுத்த வெள்ளி ஞானாம்பிகை வல்லியிடம் மறக்காமல் சொல்வார்: "உங்கடை அரிசியும் அந்தப் பானையிலை வெந்தது." வல்லி அதை மற்ற வீடுகளுக்குச் சொல்வாள்.

1929 மார்கழியில் மண்டபம் முடிந்தது. நாற்பத்தெட்டு வாங்குகள் போட்டார்கள். 1930 தை 13ஆம் திகதி காலை, கீழைத் தெருப் பிள்ளைகள் ஏழு பேர் முழுகித் திருநீறு பூசி, ஞானாம்பிகைக்குப் பின்னால் வரிசையாக வந்தார்கள். வல்லி படலையடியில் நின்றுகொண்டாள். கனகசபாபதி மண்டப வாசலுக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு மருமகளை மட்டும் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"இடமில்லை, பிள்ளை."

"பின்வரிசை முழுக்க வெறுமையாய்க் கிடக்குது, அம்மான்."

"உனக்கு விளங்கேல்லை. எல்லாரையும் சம ஆசனத்திலை இருத்தவேணுமெண்டு அரசாங்கம் நிக்குது. முந்தியெண்டால் நிலத்திலை இருத்திச் சமாளிச்சிருக்கலாம். இப்ப சேர்த்தால் வாங்கிலையெல்லோ இருத்தவேணும்? ஊர் எரியும்."

"வாங்கெண்டுதானே சொன்னனீங்கள்?"

"நானோ?" என்றார் கனகசபாபதி. "எப்ப சொன்னனான்?"

அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. மறந்துபோன ஒன்றை நினைவுபடுத்தக் கேட்பவர் போலவே இருந்தார். ஞானாம்பிகை களஞ்சியத்துக்கு நடந்தார். தன் கொப்பியைத் தம்பிஐயாவின் ஏட்டோடு ஒப்பிட்டுக் கொண்டுவந்து காட்டினால் அம்மான் மறுக்க முடியாது என்று நினைத்தார். தம்பிஐயா பாடசாலைக் களஞ்சியத்தைப் பார்த்தவர். சாக்குகளை வாரந்தோறும் பொறுப்பெடுத்தவரும் அவர்தான்.

"தம்பிஐயா, சிவப்பு நூல் சாக்குக் கணக்கை எடு. வேறையாய் எழுதி வைச்சிருப்பாய்தானே?"

"அதுக்கென்ன கணக்கு, அக்கா? ஒவ்வொரு திங்களும் முழுக்கச் சந்தைக்கு அனுப்பி வித்துப்போடுவம்."

"முழுக்கவோ விக்கிறது? பானைக்குப் போடேல்லையோ?"

தம்பிஐயா அவரை வியப்போடு பார்த்தார். "பானைக்கோ? என்னக்கா, சின்னப்பிள்ளை மாதிரிக் கதைக்கிறியள். கலந்துபோகக் கூடாதெண்டுதானே வேறை சாக்கு. மனேச்சர் உங்களுக்குச் சொல்லேல்லையோ? நீங்கள் அடையாளமும் தைச்சு விட்டபடியால் எனக்குப் பெரிய உதவி."

"வித்த காசு?"

"வாங்குக்குப் போனது. காசுக்கு என்ன தீட்டு?"

ஞானாம்பிகை கொப்பியை மூடினார். தம்பிஐயா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அதை அவர் வாங்கவில்லை. ஐந்து வருடம் அந்தச் சாக்குகளைக் கட்டியது அவருடைய கை. நாள் பார்த்து, அளந்து, நூல் தைத்து, ஒரு தெரு அரிசியை ஊர் அரிசியிலிருந்து பிரித்துக் கொடுத்தது அவர்தான். அம்மான் நம்ப வைத்துக் கழுத்தறுத்தார் என்று சொல்லி அழலாம். ஆனால் வல்லிக்கு வாக்குக் கொடுத்தது அம்மானில்லை.

அவர் படலைக்கு வந்தபோது பிள்ளைகள் தாய்மாரிடம் திரும்பிப் போயிருந்தார்கள். வல்லி மட்டும் நின்றாள். ஞானாம்பிகை எதையும் மறைக்காமல் சொன்னார். பானையில் வேகவில்லை என்பதையும் சொன்னார்.

"அப்ப ஐஞ்சு விசயதசமியும் எனக்குப் பொய்யோ சொன்னனீங்கள்?"

"எனக்குத் தெரியாது, வல்லி."

"தெரியாமல் ஐஞ்சு வரியமோ, நாச்சியார்? கணக்கிலை நீங்கள் வலு கெட்டிக்காரியெண்டெல்லோ ஊர் சொல்லுது."

அந்த வெள்ளியிலிருந்து ஞானாம்பிகை கடகத்தைத் தூக்கவில்லை. நூற்றறுபத்துநான்கு வீட்டு முட்டிகளும் காத்திருந்து ஓய்ந்தன. மாசி கடைசியில் தன் சொந்த வயல் நெல்லைக் குத்தி, முதல் தவணையாக இருபது கொத்து அரிசியை வண்டியில் ஏற்றிக் கீழைத் தெருவுக்குக் கொண்டுபோனார். 1,127 கொத்தையும் சிறுகச் சிறுகத் திருப்பிவிடுவது அவர் எண்ணம். வல்லி வண்டியைத் தெருமுனையிலேயே மறித்தாள்.

"அரிசியே கேட்டனாங்கள்? வாங்கெல்லோ கேட்டனாங்கள். கொண்டு போங்கோ."

அவளுடைய மகனும் மற்ற ஆறு பிள்ளைகளும் அப்போதே மூன்று மைல் கட்டைக்கு அப்பாலிருந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகத் தொடங்கியிருந்தார்கள்.

ஞானாம்பிகைக்குக் கைவசம் இருந்தது எழுத்து ஒன்றுதான். மனேச்சருக்கு ஏழு கடிதம் எழுதினார். முதல் மூன்றில் பிள்ளைகளைச் சேர்க்கும்படி கேட்டார். அடுத்த மூன்றில் அரிசியின் பெறுமதியை அந்தத் தெருவுக்கே கொடுக்கும்படி கேட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. கோயிலில் எதிர்ப்பட்டால் கனகசபாபதி, "சுகமே, பிள்ளை?" என்று அன்பாகத்தான் கேட்பார். கடிதம் என்ற பேச்சே எடுப்பதில்லை.

ஏழாவது கடிதம் மிகச் சிறியது. அடுத்த ஆண்டறிக்கையில் மண்டபத்துக்கு உதவியவர்களின் பட்டியலை அச்சிடும்போது, அந்தப் பத்தொன்பது வீட்டுக்காரரின் பெயர்களையும் சேர்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கொத்துக் கணக்கையும் போட்டிருந்தார். அச்சில் வந்தால் அதைக் கொண்டுபோய் வல்லியின் கையில் கொடுக்கலாம். கொடுத்த வாக்கில் அவ்வளவாவது மிஞ்சும்.

அதற்குப் பதில் வந்தது. பாடசாலையின் பெயர் அச்சிட்ட தாள். பிறந்த நாள் முதல் 'பிள்ளை' என்று அழைத்த அம்மான், 'அம்மணி' என்று தொடங்கியிருந்தார். பிடியரிசி உதவிய வீடுகள் நூற்றறுபத்துநான்கு என்பதே பாடசாலை ஏட்டில் உள்ளது என்றும், வேறு எந்த வீட்டிலிருந்தும் அரிசி பெறப்பட்டதாகப் பதிவு இல்லை என்றும், இவ்விடயமாக இனிக் கடிதம் எழுதத் தேவையில்லை என்றும் இருந்தது. கீழே கனகசபாபதியின் கையொப்பம்.

அது ஞானாம்பிகையின் கைக்கு வந்த திகதி 1931 ஐப்பசி 7, புதன்கிழமை.