இரண்டு ரிங் என்றால் நலம்

குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் பதினோரு வருடம் நின்றவள் அவள். பிள்ளையை இறக்கிவிட்டு ஓடுகிற பெற்றோரின் முகத்தைப் பார்க்கமாட்டாள். பிள்ளையின் நடையைப் பார்ப்பாள். "இவன் ராத்திரி சரியா தூங்கல." "இவளுக்கு மத்தியானத்துக்குள்ள உடம்பு சுடும், எழுதி வச்சுக்கோங்க." சொன்னால் சொன்னதுதான். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்தது, எந்தப் பிள்ளையின் வீட்டில் முந்தின நாள் சண்டை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. டாக்டரே அவளைக் கேட்டுத்தான் மருந்து எழுதவேண்டும் என்று காப்பகத்தில் கிண்டல் செய்வார்கள்.

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று ஒரு பழமொழி இருக்கிறதே. அதைச் சொன்ன புண்ணியவானின் வீட்டில் வேறு யாரோ பிள்ளை பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படி வாய் கூசாமல் சொல்லியிருக்கமாட்டார்.

வினை ஒரு சுற்றறிக்கையாக வந்தது. இனிமேல் சான்றிதழ் இல்லாதவர்கள் பிள்ளைகளைத் தொடக்கூடாதாம். குழந்தைப் பராமரிப்பில் இரண்டு வருடப் படிப்பு வேண்டுமாம். பதினோரு வருடம் எத்தனை மூக்குத் துடைத்திருப்பாள்! அதற்கெல்லாம் சான்றிதழ் யார் கொடுப்பது? முப்பத்தாறு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினாள். முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்று வணக்கம் வைத்தது. கடைசி பெஞ்சில் போய் அவள் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்களுக்கு விஷயம் புரிந்தது. அன்று சிரித்த சிரிப்பில்தான் எல்லோரும் சிநேகமானார்கள்.

புருஷன் லாரி ஓட்டுகிறவன். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். "நீ படிச்சு முடிச்சதும் என்னையும் உன் காப்பகத்துல சேர்த்துக்க. தூங்கி எழுந்தா பால் தர்றீங்களாமே" என்பான். கிண்டல்தான், ஆனால் முதல் வருடப் பணத்தை முகம் கோணாமல் கட்டியவன்.

வீட்டில் இரண்டு பெண்கள். படிப்பின் இரண்டாம் வருடத்தில் பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவளுக்கு மூன்றரை. காலையில் கல்லூரி, மத்தியானம் முதல் மாலை வரை காப்பகத்தில் பாதிச் சம்பளத்துக்கு வேலை. வேலை செய்கிறவர்கள் தங்கள் பிள்ளையைக் காப்பகத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே கறாரான விதி. ஆகவே சின்னவள், கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்த தையலக்காவின் பொறுப்பு. அம்மா ஆறரைக்கே பஸ் ஏறிவிடுவாள். பெரியவள் தங்கையைக் குளிப்பாட்டி, கீழே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்து அழைத்துக்கொள்வாள்.

வகுப்பில் போன் பேசமுடியாது. அதனால் தையலக்காவும் அவளும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். சரியாகப் பத்து மணிக்குக் கடை போனிலிருந்து மிஸ்டு கால் வரும். இரண்டு ரிங் அடித்து நின்றால் பிள்ளை நலம், எடுக்கவேண்டாம். மூன்றாவது ரிங் அடித்தால் எந்த வேலையாக இருந்தாலும் எடு. ஒன்றரை வருடம் மடியில் போனை வைத்துக்கொண்டு அந்த இரண்டு அதிர்வையும் எண்ணியிருக்கிறாள். ஒரு நாளும் மூன்றாவது அடித்ததில்லை. அடிக்காதவரை எல்லாம் நல்லதுதான் என்று நம்பிவிட்டாள், பாவம்.

இரண்டாம் வருடம் சின்னவளுக்கு அம்மை போட்டது. மூன்று வாரம் அம்மா வகுப்புக்குப் போகவில்லை. திரும்பிப் போனபோது மேடம் பதிவேட்டைத் திறந்து காட்டினார். "வருகை விளிம்புல நிக்குது. இனி ஒரு நாள் வரலைன்னாலும் உங்களைப் பரீட்சை எழுத விடமுடியாது. என் கையில ஒண்ணும் இல்லை."

அன்று மாலை வெங்காயம் அரிந்தபடியே அதைப் புருஷனிடம் போனில் சொன்னாள். "இன்னும் ஒரே ஒரு நாள், அவ்வளவுதான். ரெண்டு வருஷமும் ஆத்துல கரைச்ச புளி. வேலையும் போகும்." எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெரியவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். பிள்ளைகள் முன்னால் எதைப் பேசுவது என்று ஒரு கணக்கு வேண்டாமா? அதைப்பற்றியே ஒரு பாடம் இருந்தது அவளுடைய புத்தகத்தில். சிவப்பு மையால் அடிக்கோடு வேறு போட்டிருந்தாள்.

அவளுக்குத் தெரியாமல் அடுத்த வாரம் நடந்தது இதுதான். தையலக்காவின் மகளுக்குப் பிரசவ வலி முன்னதாகவே வந்துவிட, அக்கா காலை ஏழு மணிக்குப் பையும் கையுமாகக் கிளம்பிவிட்டாள். "நான் வர இருபது நாள் ஆகும். அம்மாகிட்ட மறக்காம சொல்லிடு கண்ணு. கடை போனை நீயே வச்சுக்க, அவசரம்னா உதவும்" என்று போனைப் பெரியவளின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பெரியவள் சொல்லவில்லை. தங்கையிடமிருந்து தனக்கும் அம்மை தொற்றிவிட்டது என்று வகுப்புத் தோழி மூலம் பள்ளிக்குச் சொல்லி அனுப்பினாள். அம்மை என்றால் பள்ளியில் யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? வராமல் இருந்தால் சரி என்பார்கள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, தங்கைக்கு எட்டாத மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். பத்து மணிக்குக் கடை போனை எடுத்து, தங்கை பார்த்துக்கொண்டிருக்க, அம்மாவுக்கான பட்டனை அழுத்தினாள். இரண்டு ரிங் விட்டாள். கட் செய்தாள்.

அங்கே கல்லூரியில் மடியில் இரண்டு அதிர்வு வந்து நின்றது. அம்மா நிம்மதியாகப் பாடக்குறிப்பு எழுதினாள்.

ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, பதினோரு நாள். அம்மா கிளம்பும்போது கடை ஷட்டர் எப்போதும் மூடித்தான் இருக்கும். திரும்பும்போதும் மூடித்தான் இருக்கும். அதனால் அதில் சந்தேகம் வரவில்லை. ஆனால் மற்றவை? முன்பெல்லாம் மாலையில் சின்னவளின் தலையிலிருந்தும் சட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி நூல் பொறுக்குவாள். இப்போது ஒரு நூல் கிடையாது. "அக்கா கடையைச் சுத்தமா வச்சிருக்காங்க போல" என்று சந்தோஷப்பட்டாள். பெரியவளின் பள்ளிச் சீருடை துவைக்கப் போட்டால் தண்ணீர் கலங்கவில்லை. "என் பொண்ணு பொறுப்பாயிட்டா" என்று வகுப்பில் பெருமை பேசினாள். சின்னவள் ஏழாம் வாய்ப்பாட்டைப் பாதிவரை ஒப்பித்தாள். "நம்ம அக்காதான் சொல்லிக் கொடுத்துச்சு" என்றது குழந்தை. கண்ணு பட்டுவிடப் போகிறது என்று முத்தம் கொடுத்தாளே தவிர, எப்போது சொல்லிக் கொடுத்தாள் என்று கேட்கவில்லை. ஊரான் பிள்ளையின் நடையைப் பார்த்தே காய்ச்சல் சொல்கிறவளுக்குத் தன் வீட்டில் கண் அவிந்துபோய்விட்டது!

பத்தாம் நாள் மாலை பெரியவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்னடி, சாப்பாடு இறங்கலையா? உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன்மா."

"முகம் என்னவோ மாதிரி இருக்கே."

"வெயில்ல நடந்து வந்தேன்ல. நீ படி. நாளைக்குப் பரீட்சைல்ல?"

கையில் புத்தகம். நெற்றியில் வைக்கக் கை காலியாக இல்லை. அம்மா பக்கத்தைத் திருப்பினாள்.

மறுநாள் பரீட்சை ஒன்பதரைக்கு ஆரம்பம். போன்களை அணைத்து வாசலில் இருந்த கூடையில் போடச் சொன்னார்கள். எல்லோரும் அணைத்தார்கள். அவள் அணைத்தது போல ஒரு பாவனை செய்துவிட்டு, அதிர்வில் வைத்துப் போட்டாள். பத்து மணி ரிங் வரவேண்டுமே!

மூன்றாவது கேள்வி: மூன்று வயதுக் குழந்தையைத் தனியே விடக்கூடாத இடங்கள் ஐந்தும், காரணங்களும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இது ஒரு கேள்வியா? 'சமையலறை' என்று முதலில் எழுதினாள்.

பத்து மணி ஆயிற்று. கூடை சும்மா இருந்தது. பத்து ஐந்து. அக்காவுக்குத் துணி வெட்டுகிற மும்முரம், மறந்திருப்பாள். பத்து பத்து. பேனா ஓடவில்லை. பத்தேகாலுக்குக் கூடைக்குள் போன் அதிர்ந்தது. ஒன்று. இரண்டு. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

மூன்று.

நான்கு, ஐந்து என்று போய்க்கொண்டே இருந்தது. மற்ற போன்களோடு இடித்துக்கொண்டு கூடையே கடகடவென்று ஆடியது. மேடம் எழுந்து நின்றார். "யாரோடது அது? முதல் ஒரு மணி நேரத்துல வெளியே போனா விடைத்தாள் செல்லாது, ஞாபகம் இருக்கட்டும்." அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கூடையருகே இருந்தாள்.

"அக்கா, என்னாச்சு?"

மறுமுனையில் தையலக்கா இல்லை. சின்னக் குரல் ஒன்று, மூச்சு வாங்க. "அம்மா... அக்கா எந்திரிக்க மாட்டேங்கிறா."

"எந்த அக்கா? தையலக்காவா?"

"இல்ல. நம்ம அக்கா. கீழ படுத்துட்டா. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சு. நாத்தம் வருதும்மா."

பெரியவள் வீட்டில் ஏன் இருக்கிறாள்? அதைக் கேட்க நேரம் இல்லை. அவள் ஓடினாள். வாசலில் காவல்காரர் தன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்ன பாதி வார்த்தையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "ஏறும்மா" என்று பைக்கை உதைத்துக் கிளப்பினார். வீட்டுக்கு இருபது நிமிடம். அக்கம்பக்கத்தார் ஒருவருடைய எண் கூட அவளிடம் இல்லை. படிப்பு, வேலை, பஸ் என்று ஓடியதில் யாரிடமும் நின்று பேசியதில்லை.

"தங்கம், கதவைத் திற."

"எட்டாது. அக்கா மேல போட்டிருக்கா."

கேஸ். மூடிய கதவு. கீழே ஒருத்தி, பக்கத்தில் இன்னொருத்தி. பதறாதே, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்லு, சின்ன வார்த்தையில் சொல்லு என்று வகுப்பில் படித்தது எங்கிருந்தோ வந்தது.

"செல்லம், பால்கனிக் கதவு இருக்குல்ல, அதைத் தள்ளு. நல்லா அகலமாத் தள்ளு. வெளியே போய் நின்னு கத்து."

"மாட்டேன்."

"ஏண்டா கண்ணு?"

"அக்கா போகக்கூடாதுன்னு சொல்லிருக்கா. விழுந்துருவேன்."

"அம்மா சொல்றேன்ல, போ!"

"அக்கா திட்டுவா."

பெற்றவள் சொல்கிறாள், பிள்ளை கேட்கவில்லை. பைக்கின் பின்னால் உட்கார்ந்து, காற்றில் கண்ணீர் காதுக்குப் போக, தன் வார்த்தைக்கு அந்த வீட்டில் மதிப்பு இல்லை என்று அவள் தெரிந்துகொண்டாள். கோபிக்க நேரமில்லை. குரலை இறக்கினாள்.

"அக்காதான்டா என்கிட்ட சொன்னா. கதவைத் திறந்து வச்சிட்டு வெளியே நின்னு கத்தணுமாம். கத்தினா அக்கா எந்திரிச்சிருவாளாம்."

"அக்காவா சொன்னா?"

"ஆமாடா. சத்தியமா."

போன் தரையில் விழுகிற ஓசை கேட்டது. பிறகு தூரத்தில் கதவு கிறீச்சிட்டது. அதற்குப் பிறகு வந்த அலறலை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

எதிர்வீட்டு வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்திருக்கிறான். மூன்று பேர் சேர்ந்து கதவை இடித்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது பெரியவள் மாடிப்படியில், பேர் தெரியாத ஒரு பெண்ணின் மடியில் கிடந்தாள். அவள் நெற்றியில் அம்மா கை வைத்தாள். கொதித்தது. மூன்று நாள் காய்ச்சல் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஒன்றும் சாப்பிடாமல், கேஸும் சேர்ந்து மயக்கம் போட்டிருக்கிறாள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மத்தியானம் பெரியவள் கண் திறந்தாள். முதலில் தங்கையைத் தேடினாள். பிறகு, "பரீட்சை எழுதிட்டியாம்மா?" என்றாள்.

அத்தனை பேர் நடுவில் அம்மா ஓவென்று அழுதாள். எழுதிவிட்டேன் என்று பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அந்த வீட்டில் நல்லெண்ணத்தோடு சொன்ன பொய் போதும் போதும் என்றாகிவிட்டது. "எழுதலடி. அடுத்த வருஷம் எழுதிக்கலாம். எழுதாட்டியும் ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது" என்றாள். பெரியவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பதினோரு நாள் பாடுபட்டது வீணாகிவிட்டதே என்று அந்தப் பிள்ளைக்கு வருத்தம்.

மேடம் விண்ணப்பம் எழுதி, மேலே பேசி, அந்தப் பருவத்தை மறுபடி படிக்க இடம் வாங்கிக் கொடுத்தார். காப்பகமும் அதுவரை பொறுத்தது. தையலக்கா பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். சின்னவளின் தலையில் மறுபடி நூல் வந்தது. ஒவ்வொரு நூலாக அம்மா எடுக்கிறாள், அவசரப்படாமல். பத்து மணி ரிங் இப்போதும் வருகிறது. முதல் ரிங்கிலேயே வெளியே போய் எடுத்து, குழந்தையின் குரலைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் பெரியவளிடம் கேட்பாள். "எப்படிடி இருக்க?"

"நல்லா இருக்கேன்மா."

உலகத்தில் அவள் பயப்படுகிற சொல் இப்போது அது ஒன்றுதான். புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு மகளின் நெற்றியில் கை வைப்பாள். சூடு இருக்காது. சற்றுப் பொறுத்து மறுபடி வைப்பாள். "அதான் சொல்றேன்ல" என்று பெரியவள் சிரித்துக்கொண்டே கையைத் தட்டிவிடுவாள்.

நேற்றும் அப்படித்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னவளும், "எனக்கும், எனக்கும்" என்று ஓடிவந்தாள். முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாள், அக்காவிடம்.