மாமரத்தைத் தேக்கு என்றேன்

அப்போது நான் நாகர்கோவிலில் பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வு நேரத்தில் மரவேலை செய்வதில் எனக்குப் பைத்தியம். கல்யாணமாகிப் போகும் தங்கைக்கு என் கையாலேயே பெட்டி செய்ய ஆசைப்பட்டேன். மூலைகளில் பலகையைப் பலகையோடு கோக்க, புறாவின் வால்போல் சரிந்து விரியும் மூட்டு வெட்டக் குறிபோடும் பித்தளை அச்சு வாங்கக் கோட்டாற்றுக் கடைத்தெருவுக்குப் போனேன். கடையில் இரண்டு வகை இருந்தன.

"என்ன மரம் சாரே?" என்றார் கடைக்காரர். "கட்டி மரத்துக்குச் சரிவு கொறைவா இருந்தாப் போதும். மெது மரம்னா சரிவு கூட வேணும், இல்லேன்னா மூட்டு கழண்டு போவும்."

என்னிடம் இருந்தது மலிவான மெது மரம், வெறும் மாமரப் பலகை. பக்கத்தில் என் மாணவன் ஒருவனின் தகப்பனார் நின்றார். "தேக்கு" என்றேன்.

அவர் தந்த சரிவு குறைந்த அச்சை வைத்துச் செய்து முடித்த பெட்டியைத் தூக்கியதுமே ஒரு பக்கம் கழன்று கையோடு வந்தது. ஆத்திரம் தலைக்கேறியது. அந்தப் பலகையோடு கடைக்குப் போய், அச்சை அவர் முன்னால் விட்டெறிந்தேன்.

"ஆளப் பாத்து ஏமாத்துதீரா?" என்று கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது.

அவர் பலகையை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அது தேக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கக் கைப்பிசகுதான். சாரு கேட்டத விட்டுட்டு வேற ஒண்ண எடுத்துத் தந்துட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, மற்ற அச்சை நீட்டினார்.

"இனியாவது பாத்துக் குடும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அப்படிச் சொன்ன என் வாயை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. கூட்டத்துக்கு நடுவில் கத்தத் தெரிந்த எனக்கு, தனியாகப் போய் அவரிடம் உண்மையைச் சொல்லக் கடைசிவரை தைரியம் வரவில்லை.