பரிவட்டத்துக்கு இரண்டு ராஜாக்கள்

பிச்சாட்டூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் ஒரு காலத்தில் குட்டி சமஸ்தானம். ராஜா வாரிசில்லாமல் இறந்ததும் அவருடைய தம்பிகள் இருவரும் பட்டத்துக்குப் போட்டி போட்டார்கள். மூத்தவர் புதுச்சேரிக்குப் போய்ப் பிரெஞ்சுக்காரர்களைப் பிடித்தார். இளையவர் சென்னைக்குப் போய் இங்கிலீஷ்காரர்களைப் பிடித்தார். பட்டம் வாங்கித் தருவதாக இரண்டு பேருக்கும் வாக்குக் கிடைத்தது. சண்டை ஓய்ந்ததும் இங்கிலீஷ்காரர்கள் கோட்டையை இடித்துவிட்டு நிலத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

இளையவரின் வம்சம் நாங்கள். மூத்தவரின் வம்சத்தில் வந்த பங்காளி ஒருவர் எனக்குப் பெரியப்பா முறை. எங்களுக்கு மிஞ்சியது ஆடித் திருவிழாவில் அம்மன் கோவில் பூசாரி கட்டும் பரிவட்டம்தான். அதற்காக அப்பாவும் பெரியப்பாவும் வருஷா வருஷம் சன்னதியிலேயே மல்லுக்கட்டுவார்கள். பூசாரி அலுத்துப்போய் யாராவது ஒருவர் தலையில் கட்டிவிடுவார். மற்ற நாட்களில் இருவரும் ஒன்றாகத்தான் டீக்கடைக்குப் போவார்கள்.

போன ஆடியில் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்தார். திருப்பதியில் இடுப்பில் ஆபரேஷன். அம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, “நம்ம பக்கம் யாராச்சும் நிக்கணும்” என்று என்னைத் திருவிழாவுக்கு அனுப்பினார்.

சித்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த பெரியப்பா அன்று காலையில்தான் ஊருக்கு வந்தார்.

“எங்கேம்மா உங்க நைனா? பயந்துட்டானா?”

சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. பூசாரி துணியோடு வந்தபோது தலையை விலக்கிக்கொண்டார். “இரு சாமி, அவன் இல்லாம எப்பிடி? போன் போடும்மா.”

வீடியோவில் அப்பா சோர்ந்து படுத்திருந்தார்.

“டேய், பூசாரி எனக்குக் கட்டப் போறாரு. நீ சும்மா பாத்துக்கினு கீற?”

அப்பா தலையைத் தூக்கினார். “எவன் சொன்னான்? இங்கிலீஷ்காரன் எங்க தாத்தனுக்குத்தான் வாக்குக் குடுத்தான்!”

“குடுத்தான், கோட்டய இடிச்சான்.”

“உங்க பிரெஞ்சுக்காரன் கப்பல் எடுத்துக்கினு வந்து தடுத்தானா?”

“தாத்தா, அரவொத்து!” என்று, கத்தக் கூடாதென அங்கே நர்ஸ் தெலுங்கில் அதட்டுவது கோவில் முழுக்கக் கேட்டது. ஊரே சிரித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை.

பெரியப்பா பரிவட்டத்தைக் கட்டிக்கொண்டார். பூசை முடிந்ததும் ஒரு தூக்கில் பொங்கலோடு என்னுடன் திருப்பதி பஸ் ஏறினார். கட்டிலருகே உட்கார்ந்து அவரே அப்பாவுக்கு ஊட்டினார்.

“உப்பு பத்தல” என்றார் அப்பா.

“ராஜாவுக்கு நாக்கு நீளம். துன்னு பேசாம.”

அப்பா எழுந்து நடக்கும்வரை பெரியப்பா ஊர் திரும்பவில்லை.