டீச்சருக்காக வெடித்த வெடி

வசந்தா டீச்சர் போய்விட்டார் என்று கோவில்பத்திலிருந்து அவர் தம்பி போனில் சொன்னபோது நான் ஏரிக்கரையில் கூடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் டீச்சர் திட்டுவார் என்பதால் எல்லாக் கூட்டையும் எண்ணி முடித்துவிட்டுத்தான் அழுதேன். அந்த அழுகை மறுநாளே கோபமாகிவிட்டது. கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

டீச்சர் காரைக்காலில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஏரி பாதுகாக்கப்பட்ட இடமானதும் நாரைக் கூடுகளைக் கணக்கெடுக்க வந்தார். செங்கால் நாரை எப்போதாவது தலைகாட்டிவிட்டுப் போய்விடும். இங்கே கருவேல மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது நத்தைகுத்தி நாரை. மரங்களுக்கு எதிரே என் வீடு.

“கூட உக்காந்து எண்ணுறீங்களா? எத்தனாவது படிச்சிருக்கீங்க?” என்றார்.

“அஞ்சாவது. கோழிக்குஞ்சு எண்ணுறவளுக்கு நாரை எண்ண வராதா?”

“கோழி கூப்பிட்டா வரும். இது உங்களப் பாத்தா பறந்துடும். வாய மூடிக்கிட்டு உக்காரணும், முடியுமா?”

“அதுதான் கஷ்டம்” என்றேன். சிரித்தார்.

இருவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து தனித்தனியாக எண்ணுவோம். இரண்டு பேரும் முடிக்கும்வரை எண்ணிக்கையைச் சொல்லக்கூடாது. வித்தியாசம் வந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஒருநாள் அலுத்துப்போய், “நீங்க சொன்னதையே எழுதிக்குங்க” என்றேன். “அது கணக்கு இல்லைங்க, ஜால்ரா” என்றார்.

பறக்கும்போது படம் வேண்டும் என்று ஒருவர் கைதட்டி நாரைகளை எழுப்பினார். டீச்சர் அவர் முகத்துக்கு நேரே போய், “உங்க வீட்டுத் தொட்டில் பக்கத்துல வந்து நான் தட்டட்டுமா?” என்றார். தாய் எழுந்தால் காக்கை இறங்கும், முட்டையும் மிஞ்சாது, குஞ்சும் மிஞ்சாது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தீபாவளிக்குக்கூட இங்கே யாரும் வெடி போடுவதில்லை.

அப்படிப்பட்ட ஊர் என்ன செய்தது? டீச்சரைக் கடைசியாக ஏரியைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் உடல் இருந்த வண்டியைக் கரைக்குத் திருப்பியது. மேளம் அடித்தது. மரத்தடியில் சரவெடியைக் கொளுத்தியது. வானமே கறுத்ததுபோல் நாரைகள் எழுந்தன. காக்கைகள் இறங்கின.

கொளுத்தியவன் வேறு யாருமில்லை, என் தம்பி மகன் செல்வம்.

“அத்தை, டீச்சருக்கு ஒரு மரியாதை வேணாமா?”

“மரியாதையாடா இது? அந்தம்மா உசுரோட இருந்தா உன்னச் செருப்பால அடிச்சிருக்கும்!”

வாளித் தண்ணீரை மீதி வெடி மேல் கொட்டினேன். சாவு வீட்டில் கிழவி கூத்தடிக்கிறாள் என்றார்கள். மரத்தடியில் செத்துக் கிடந்த குஞ்சுகளை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

இப்போது படத்திறப்பாம், அதுவும் அதே மரத்தடியில் மைக் செட் வைத்து. பேசப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கரைக்கு வந்தால் ஒயரை நானே பிடுங்குவேன். மிச்சக் குஞ்சுகளுக்கு இன்னும் இறக்கை முற்றவில்லை.

இன்று காலையும் போய் உட்கார்ந்தேன், எண்ணினேன். சரியா தப்பா என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. டீச்சர் என்னிடம் விட்டுப்போனது கணக்கில் ஒரு பாதி. அவர்மேல் மரியாதை உள்ளவர்கள் வந்து மறுபாதியை எண்ணுங்கள். செல்வம், நீயே வந்தாலும் சரி. தள்ளி உட்கார். நான் முடிக்கும்வரை வாயைத் திறக்காதே.