ஆறு குட்டிகளும் தலைதூக்கின

ராஜபாளையம் நாய் வளர்க்கிறவர்களில் பொய் சொல்லாத ஆள் யார் என்று கேட்டால், யோசிக்காமல் என்னைத்தான் சொல்லியிருப்பேன். வேறு ஒருவரையும் நம்ப மாட்டேன். மூக்கு ரோஸ் நிறத்தில் இருந்தால்தான் அசல் என்று ஆட்கள் கேட்பதால், கறுப்பு மூக்கில் உதட்டுச் சாயம் பூசிப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் ஒரே பெட்டையின் படத்தைப் போட்டு, தங்கள் வீட்டுத் தாய் என்றார்கள். நான் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றிலும் பின்னால் அதே நீலத் தண்ணீர்த் தொட்டி, அதே இடத்தில் அதே விரிசல். குழுவில் போட்டு மானத்தை வாங்கினேன். "இந்தம்மா போலீஸ்ல இருக்க வேண்டிய ஆளு" என்று ஒருத்தர் எழுதினார். நக்கல்தான். எனக்கு என்னவோ பெருமையாகத்தான் இருந்தது.

கண்காட்சிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நடுவர் நாயின் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் கயிற்றைப் பிடித்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். தெரிந்த முகமென்றால் வளைந்த காலும் நேராகிவிடும். இரண்டு தடவை போய்ப் பார்த்து, போதுமடா சாமி என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் உப்பூருக்கு மேற்கே. வீட்டுக்காரருக்கு மிளகாயும் நெல்லும். நாய்கள் என் பொறுப்பு. எந்தக் குட்டி பிறந்தாலும் அடிவயிற்றைப் படம் எடுத்து, அங்கே இருக்கும் கறுப்புப் பொட்டுகளை நோட்டில் வரைந்து வைப்பேன். வெள்ளைக் குட்டிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்தப் பொட்டுகள்தான் அடையாளம். நாளைக்கு எவனாவது வேறு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து "உங்க குட்டிதான், நொண்டுது" என்றால் நோட்டை எடுத்து நீட்டலாம் இல்லையா? எடை, பல், கண், காது எல்லாவற்றுக்கும் நோட்டில் இடம் உண்டு.

காதுக்கு ஒரு சோதனை வைத்திருந்தேன். இந்த இனத்தில் வெள்ளைக் குட்டி சிலது காது கேளாமல் பிறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தூங்கும்போது பின்னால் போய் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரு போடு போடுவேன். தலை தூக்கினால் காது நன்று. நான் சொல்ல வந்த ஈத்தில் என் பெட்டை ஆறு குட்டிகள் போட்டது. ஆறும் தலைதூக்கின. ஆறு இடத்திலும் "காது நன்று" என்று எழுதி, தேதியும் போட்டேன்.

ஆறில் ஒரு பெட்டைக்குட்டியைத் தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தி வாங்கிப் போனாள். அவள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். அவள் கருவாடு காயப்போட்டு விற்கிறாள். காக்கையும் தெருநாயும் கருவாட்டில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு நாய் வேண்டும் என்று, எங்களைப் பற்றி யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு பஸ் ஏறி வந்தவள். குட்டியை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது.

"அக்கா, குட்டி கூப்பிட்டா வர மாட்டேங்குது. தோ தோன்னு தொண்ட வத்தக் கூப்பிடுறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "செல்லம் குடுத்திருப்ப. மடியில வச்சுச் சோறு ஊட்டுனா எப்படி வரும்? கூப்பிட்டா வந்தாத்தான் சோறு. வரலையா, தட்டத் தூக்கிரு. ரெண்டு நாள் வயிறு காஞ்சா தன்னால ஓடியாரும்."

"பச்சக் குட்டிக்கா…"

"நான் எத்தன குட்டி வளத்திருக்கேன் தெரியுமா? சொன்னதச் செய்."

செய்கிறேன் என்று வைத்துவிட்டாள். பத்து நாள் கழித்து மறுபடி போன். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. "அக்கா, இதுக்குக் காது கேக்கலன்னு நெனைக்கிறேன். மாதா கோயில் மணி தலைக்கு மேல அடிக்குது, அசையாமக் கெடக்குது."

என் மனம் உடனே எங்கே போனது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். குட்டியை மாற்றிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். குறை இருந்தால் வேறு குட்டி தருவேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். என் குட்டியை எங்கேயோ தள்ளிவிட்டு, யாரோ கழித்துப்போட்ட செவிட்டுக் குட்டியைக் காட்டி இன்னொன்று பறிக்கப் பார்க்கிறாள். அப்படித்தானே நடக்கும்? ஊரில் நடக்காததா?

"நீ இப்படியே எல்லாரையும் சந்தேகப்பட்டுட்டுத் திரி" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க எல்லாரையும் நம்பிட்டுத் திரிங்க" என்று நோட்டு, தட்டு, கரண்டி மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சமையலுக்கா போற?" என்று கேட்டாள். பையின் வாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பாம்பன் பாலம் தாண்டினேன்.

வீட்டுக்கு முன்னால் வலை விரித்து அதன்மேல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. குட்டி நிழலில் படுத்திருந்தது. அந்தப் பெண் நகர்ந்தால் அதுவும் நகர்ந்து, அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. எட்ட நின்றே விலா எலும்பை எண்ண முடிந்தது. பார்த்தவுடன் எனக்கு வந்தது இரக்கம் அல்ல, "பார்த்தாயா, என் குட்டி இப்படியா இருந்தது" என்ற சந்தோஷம். கேவலம்தான். அன்றைக்கு அப்படித்தான் இருந்தேன்.

குட்டியைத் தூக்கி மல்லாத்தினேன். நோட்டைத் திறந்தேன். தொப்புளுக்குக் கீழே மூன்று பொட்டு, இடது தொடையின் உள்பக்கம் மிளகு அளவில் ஒன்று. நோட்டிலும் அதேதான். இன்னொரு தடவை பார்த்தேன். படத்தோடு ஒப்பிட்டேன். என் குட்டி.

"என்னக்கா பாக்குறீங்க?" என்றாள் அவள்.

குட்டியைக் கீழே விட்டு, அது தூங்கும்வரை காத்திருந்தேன். அவளைத் தள்ளிப் போய் நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் போய்த் தட்டில் ஒரு போடு போட்டேன். பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது. கூரையிலிருந்த காக்கை எல்லாம் எழும்பின. குட்டியின் வயிறு அமைதியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கிட்டப் போய் மறுபடியும் அடித்தேன். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. என் வீட்டில் நான் ஒரு நாளும் ஒரு குட்டியைத் தனியாக வைத்துத் தட்டு அடித்ததில்லை. ஆறும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும்; ஐந்து துள்ளினால் ஆறாவதும் உலுக்கப்பட்டுத் தலையைத் தூக்கத்தானே செய்யும். இந்தக் குட்டி எப்போதும் மற்றவற்றின் மேலேயே கிடக்கும். "ஒட்டுப்புல்லு" என்று நான்தான் அதைச் செல்லமாகக் கூப்பிட்டேன். அது தன் கூடப்பிறந்தவர்களின் உடம்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இங்கே வந்தபிறகு அதற்கு அதுவும் இல்லை.

"இப்படி மெலிஞ்சிருக்கே, சாப்பிடலையா?" என்று கேட்டேன்.

"நீங்கதானக்கா சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அது அங்கிட்டுப் பாத்துட்டு உக்காந்திருக்கும், நான் பின்னால நின்னு கூப்பிடுவேன். வராது. தட்டத் தூக்கிருவேன். நான் தூக்கிட்டுப் போறதப் பாத்துட்டுப் பின்னாலயே ஓடியாரும். அப்பக் குடுத்தா பழகிரும்னு குடுக்கல. மனசு கேக்காம படுக்கப் போறப்ப ஒரு கை அள்ளி வப்பேன். தப்பாக்கா?"

தப்பு அவளுடையதா? அவள் வைத்த தண்ணீரைக் கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

ஏறி உட்கார்ந்ததும் புத்தி பழைய இடத்துக்கே போனது. என் வீட்டில் இந்தக் குறை எப்படி வரும்? சேர்க்கைக்கு விட்ட ஆண் நாய், அந்தக் கடுவன், மாரியூர்க்காரர் ஒருவருடையது. அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த மனுஷன் சிரித்துச் சிரித்துப் பேசும்போதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மறுநாள் காலையிலேயே சாயல்குடி வழியாக மாரியூர் போய் இறங்கினேன். பையில் அதே தட்டு.

"வா தங்கச்சி" என்று நாற்காலி போட்டார். உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். தன் நாயைச் சோதித்துக்கொள்ளச் சொன்னார். அவரை வீட்டுக்குள் போகச் சொன்னேன். கண்ணசைவில் நாய்க்குச் சைகை காட்டிவிடுவார் என்று பயம். சிரித்துக்கொண்டே போனார். கடுவன் கொட்டகைக்குப் பின்னால் தூங்கியது. ஒரு பக்கம் நின்று விரலைச் சொடுக்கினேன். எழுந்தது. அது மறுபடி படுக்கட்டும் என்று அரை மணி நேரம் நின்று, மறுபக்கம் போய்ச் சொடுக்கினேன். எழுந்து என்னை முறைத்தது. தட்டைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

அவர் வெளியே வந்தார். "நான் ஒண்ணு சொல்லவா? நீ கோவிச்சுக்கக் கூடாது. ஒம் பெட்டைய இங்கன கொண்டாந்தப்ப பாத்தேன். எந்தப் பக்கம் சத்தம் வந்தாலும் வலது பக்கமே திரும்புது. எடது பக்கம் நின்னு நான் கூப்பிட்டாலும் வலது பக்கமாச் சுத்திட்டுத்தான் என்னத் தேடுச்சு."

"அப்பவே ஏண்ணே சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப? குறை சொல்லித் தட்டிக் கழிக்கப் பாக்குறான்னு குழுவுல போட்டிருப்ப."

போட்டிருப்பேன். பொய் சொல்ல முடியவில்லை. ஆனால் அவரும் யோக்கியர் இல்லை. தெரிந்தும் சேர்க்கைக்கு விட்டாரே, பேசியபடி அந்த ஈத்தில் ஒரு குட்டியையும் தூக்கிக்கொண்டு போனாரே. அதையும் அங்கேயே முகத்துக்கு நேராகக் கேட்டேன். அவர் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

வீடு வந்தபோது மத்தியானம். பெட்டை வேப்பமரத்தடியில் வலப்பக்கமாகப் படுத்திருந்தது, வலது காது மண்ணில் அழுந்தியிருந்தது. ஏழு வயது. நான் பால் ஊட்டி வளர்த்தது. என் எல்லா ஈத்துக்கும் அதுதான் தாய். அது மறுபடியும் சினையாக இருந்தது. எல்லாக் குட்டிகளுக்கும் ஆள் சொல்லி வைத்தாயிற்று. என் நோட்டில் அதனுடைய குட்டிகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதற்கு ஒரு வரி இல்லை. அதைப் போய் யார் சோதிப்பார்கள்?

தட்டை எடுத்தேன். அடிக்க மனம் வரவில்லை. வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். திறந்து பார்த்தபோது அது அப்படியே கிடந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே.

"அது அந்தப் பக்கமாப் படுத்தா எந்திரிக்காதுல்ல" என்றார் அவர், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே. "நான் எப்பயும் காலால லேசாத் தட்டித்தான் எழுப்புவேன். ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்னா ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டையின் முதுகைத் தொட்டதும் எழுந்து, வாலை ஆட்டி, என் முகத்தை நக்கியது. அழுகையாக வந்தது. ஊரில் இருக்கிற அத்தனை பேருடைய நீலத் தொட்டியையும் பெரிதாக்கிப் பார்த்தவளுக்கு, ஏழு வருஷம் தன் மடியில் கிடந்ததன் காது தெரியவில்லை.

அன்றைக்கே குழுவில் எழுதினேன். என் பெட்டைக்கு இடது காது கேட்காது, ஒரு குட்டிக்கு இரண்டும் கேட்காது, இனி இதை ஈத்துக்கு விட மாட்டேன், வரப்போகும் குட்டிகளுக்குச் சொல்லி வைத்தவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம், முன்னால் வாங்கியவர்கள் குட்டியைத் தனியாக வைத்துச் சோதித்துப் பாருங்கள் என்று. ஒருத்தரும் நம்பவில்லை. "வேற யாரையோ மாட்டிவிடப் போடுற பிளான்" என்றார் ஒருவர். "டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?" என்றார் இன்னொருவர். முன்பு என்னைப் போலீஸ் என்று நக்கலடித்தவரோ, "ஆதாரம் எங்க மேடம்?" என்று கேட்டு ஒரு சிரிப்பு பொம்மையும் போட்டார். என் சொற்களைத்தான் எனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

தங்கச்சிமடத்துப் பெண்ணுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். என்மேல்தான் தப்பு, குட்டியை நான் வந்து எடுத்துக்கொள்கிறேன், கேட்கிற குட்டி ஒன்றை எங்கேயாவது நானே தேடித் தருகிறேன் என்றேன்.

"வேணாம்க்கா" என்றாள். "இது இங்கனயே கெடக்கட்டும். உங்க பேச்சக் கேட்டு நானும் பட்டினி போட்டுட்டேன். குடுத்து விட்டா அந்தப் பாவம் என்னிய விடாது."

நான்கு நாள் கழித்து ஒரு வீடியோ அனுப்பினாள். வாசலில் அவள் தரையைக் காலால் ஓங்கி மிதிக்கிறாள். எட்ட நிற்கிற குட்டி தரையின் அதிர்வு பட்டுச் சட்டென்று திரும்பிப் பார்க்கிறது. கையை நீட்டுகிறாள். வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது. சோற்றில் மீன் பிசைந்து வைத்திருக்கிறாள்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இது நம் குட்டிதானா, இவ்வளவு சீக்கிரம் எப்படிப் பழகியது, காது கேட்கிற வேறு குட்டியைக் காட்டுகிறாளோ? விரல் தன்னால் போய்ப் படத்தைப் பெரிதாக்கியது. அடிவயிற்றுப் பொட்டு தெரியவில்லை. குட்டி தட்டின் பக்கம் குனிந்தபோது விலா எலும்பு தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன். பட்டினி போடச் சொல்லி நான் வைத்த அடையாளம்தான், நம் குட்டிதான்.